நீலக்காலும் வெறுங்காலும்

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்பவர்கள் அவளைக் குருவியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேறு பதவிப் பெயர் உண்டு. அது கழுத்தில் தொங்கும் அட்டையில் இருந்தது, யாரும் படித்ததில்லை.

அந்த நிலையத்தின் வளாகத்தில் பழைய மரங்கள் நிறைய. யாரும் வெட்டவும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை. அவற்றில் குண்டுக்கரிச்சான் குருவிகள் குடியிருந்தன. ஆண் பளபளக்கும் கருப்பும் வெள்ளையும். பெண்ணும் அதே உருவம்தான், ஆனால் கருப்பு இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூசியது போல மங்கல். கூடு கட்டும் காலம் வந்துவிட்டால் வெளிச்சம் வருவதற்கு முன்பே ஆண்கள் உச்சிக் கிளையில் ஏறிப் பாடத் தொடங்கிவிடும். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அது இனிமையான பாட்டு. பக்கத்து மரத்து ஆணுக்கோ, இது என் இடம், காலை வைத்தால் தொலைந்தாய் என்ற எச்சரிக்கை. பெண்ணுக்கு, இங்கே பொந்து இருக்கிறது, புழு இருக்கிறது, வந்து பார் என்ற அழைப்பு.

இதைக் கேட்பதுதான் குருவியம்மாவின் வேலை. ஒவ்வொரு பருவத்திலும் இருட்டில் எழுந்து, இருட்டில் பல் தேய்த்து, இருட்டில் பஸ் பிடித்து வருவாள். இளம் வயதில் அது ஒரு சாகசம். இப்போது முழங்கால் படியிறங்கும்போதெல்லாம் முனகியது. தூக்கம் என்பது எப்போதும் பாக்கி இருக்கிற ஒன்றாக ஆகிவிட்டது.

இந்தப் பருவத்தில் பேராசிரியர் புதிதாக ஒரு சோதனை யோசித்திருந்தார். அவளைவிட வயதில் சின்னவர். எதையும் உற்சாகமாகச் சொல்லுவார். எல்லைக்குச் சொந்தக்கார ஆணைப் பிடித்து ஆய்வகக் கூண்டில் சில நாள் வைக்க வேண்டும். அதன் பாட்டை முன்பே பதிவு செய்து, அதன் மரத்திலேயே ஒலிபெருக்கி கட்டி ஒலிக்கவிட வேண்டும். ஆள் இருக்காது, குரல் மட்டும் இருக்கும். அக்கம்பக்கத்து ஆண்கள் எவ்வளவு காலம் ஏமாறும்? அதுதான் கேள்வி.

பிடிபட்டது நீலக்கால். இடது காலில் நீல வளையம் போட்டிருந்ததால் அந்தப் பெயர். வடிகட்டித் தொட்டியை ஒட்டிய பெரிய மரம், கீழே புல்தரை, பழைய சுவரில் ஒரு பொந்து, இவ்வளவும் சில வருடங்களாக அதன் ராஜ்ஜியம். வலையில் சிக்கியதும் அது ஒருமுறைதான் கத்தியது. பிறகு அவள் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. துணிப்பைக்குள் விடும்போது, "கொஞ்ச நாள்தான்டா, கோவிச்சுக்காத," என்றாள். அதன் ஜோடியான சாம்பலி, வாயில் காய்ந்த புல்லோடு சுவர் மேல் உட்கார்ந்து பார்த்தது. பிறகு புல்லைப் பொந்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்த புல்லுக்குக் கிளம்பிவிட்டது. கூடு கட்டுவது முழுக்க அதன் பொறுப்பு. நின்று வேடிக்கை பார்க்க நேரமில்லை.

வாசலில் காவல்காரர் பையைப் பார்த்தார். "என்ன குருவியம்மா, குடும்பத் தலைவரையே தூக்கிட்டுப் போறீங்க?"

"கொண்டாந்து விட்டுருவேன்."

"அது வரைக்கும் பொண்டாட்டி தேடாதா?"

"தேடுமா தேடாதான்னு பாக்கத்தான் இந்தப் பாடு."

அதே வாரம் அவளுடைய கணவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கப்பலில் இயந்திரப் பொறியாளர். கல்யாணமான நாளிலிருந்து வருடத்தில் சில வாரம்தான் வீட்டில் இருப்பார். விருந்தாளி மாதிரி வருவார், எல்லாரையும் சிரிக்க வைப்பார், போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. இந்த முறை எல்லாப் பெட்டிகளோடும் வந்திருந்தார். இயந்திர அறையின் இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. கனத்த, தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் கேட்கும். கீச்சென்ற சத்தங்கள் எதுவும் கேட்காது. மருத்துவர் சோதித்துவிட்டு, இனி கப்பலுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர் இல்லாத வீட்டில் அவளுடைய அக்கா இருந்தாள். கணவனோடு ஒத்துப்போகாமல் ஒரு தையல் மிஷினோடு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். இரண்டாவது அறை அவளுடையது. கூடத்து மேசையில் திரைச்சீலைத் துணி எப்போதும் விரிந்து கிடக்கும். சமையலறையில் எந்த டப்பா எங்கே என்பது அக்காவுக்குத்தான் தெரியும். குருவியம்மாவுக்கே கேட்டால்தான் சர்க்கரை கிடைக்கும்.

கப்பல்காரர் வந்த மறுநாளே சமையலறை அலமாரிகளை ஒழுங்குபடுத்தினார். கப்பலின் உதிரிபாக அறை மாதிரி, கனமானவை கீழே, அடிக்கடி எடுப்பவை கண்மட்டத்தில், ஒவ்வொன்றுக்கும் காகிதம் ஒட்டி. அக்கா தன் தையலைத் தொடர்ந்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தன. காகிதங்கள் மட்டும் அப்படியே இருந்தன. உப்பு டப்பாவில் சீரகம் என்று ஒட்டியிருந்தது.

துணி துவைக்கும் இயந்திரம் முடித்துவிட்டு எவ்வளவு நேரம் கூவினாலும் அவருக்குக் கேட்காது. துணி உள்ளேயே கிடந்து வாடை அடிக்கும். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவர் டிவியை அலற விடுவார். அக்கா மிஷினை ஓட்டுவாள். இருவரும் ஒருவரோடொருவர் பேசும்போது தேன் ஒழுகும். "தம்பி, உங்களுக்கு எது வசதியோ அப்படியே வைங்க." "இல்லக்கா, இது உங்க வீடு மாதிரி." பிறகு இருவரும் தனித்தனியாகக் குருவியம்மாவைத் தேடி வருவார்கள். ஒருவர் குளியலறை வாசலில், ஒருவர் கட்டில் ஓரத்தில்.

"உங்கக்கா என்னை வாடகைக்கு வந்தவன் மாதிரி பாக்குறாங்க."

"உன் வீட்டுக்காரர் என்னை வேலைக்காரி மாதிரி நடத்துறாரு."

அவள் இரண்டு பேருக்கும் "உம்" கொட்டினாள். உம் கொட்டுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

ஒருநாள் அப்படி இருவரும் மாறி மாறி முறையிட்டு முடித்தபின் படுத்தவள், அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். ஒலிபெருக்கியின் பேட்டரியை மாற்றவேண்டிய நாள் அது. அரக்கப் பரக்க ஓடினாள்.

மரத்தில் சத்தம் இருக்காது என்று நினைத்தபடி வாயிலுக்குள் நுழைந்தால், சத்தம் இருந்தது. ஆனால் அது நீலக்காலின் குரல் இல்லை. ஒலிபெருக்கி செத்துக் கிடந்தது. அதற்கு மேல் கிளையில் ஓர் இளம் ஆண், காலில் வளையமே இல்லாத ஒன்று, வாலைத் தூக்கி நெஞ்சைத் தள்ளிப் பாடிக்கொண்டிருந்தது. இடம் கிடைக்காமல் ஓரங்களில் சுற்றித் திரியும் இளசுகளில் ஒன்று. குரல் நின்றதும் வந்துவிட்டிருக்கிறது. கீழே சாம்பலி புல் பொறுக்கியது. புதியது இறங்கி வந்து, இறகைச் சிலுப்பி, அதன் முன்னால் அங்குமிங்கும் நடைபோட்டது. சாம்பலி அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் புல்லை எடுத்தது. விரட்டவும் இல்லை, வரவேற்கவும் இல்லை. வெறுங்கால் என்று அதற்கு அவள் பெயர் வைத்தாள்.

அவள் உடனே ஆய்வகத்துக்குப் போய் நீலக்காலைக் கொண்டுவந்தாள். பேராசிரியர் சொன்ன நாள் இன்னும் வரவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. பையின் வாயைத் திறந்ததும் அது அம்பாகப் பாய்ந்து தன் கிளைக்குப் போனது. அதன் கிளையில் வெறுங்கால் இருந்தது.

இரண்டும் காலோடு கால் பின்னிப் புல்தரையில் உருண்டன. அவள் பல சண்டைகளைப் பார்த்திருக்கிறாள். பெரும்பாலும் ஒரு துரத்தல், ஒரு கத்தல், அவ்வளவோடு முடிந்துவிடும். இது நீண்டுகொண்டே போனது. கூண்டில் உட்கார்ந்து தின்ற பறவை சீக்கிரம் களைத்தது. ஒரு கட்டத்தில் நீலக்கால் மல்லாந்து கிடக்க, வெறுங்கால் அதன் முகத்தைக் கொத்தியது. அவள் கையைத் தட்டிக்கொண்டு ஓடினாள். அப்படிக் குறுக்கே போகக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். நீலக்கால் எழுந்து தாழப் பறந்தது. பம்ப் அறைக்குப் பின்னால், துருப்பிடித்த குழாய்கள் குவித்துக் கிடந்த மூலைக்குப் போய் ஒளிந்துகொண்டது. ஒரு கண்ணுக்கு மேல் ரத்தம்.

பேராசிரியர் போனில் துள்ளினார். "சூப்பர் மேடம்! குரல் நின்னதும் உடனே ஆக்கிரமிப்பு. இதைத்தான் எதிர்பார்த்தேன்."

"சார், பேட்டரி தீர்ந்துதான் நின்னது. நான் தூங்கிட்டேன்."

"பரவாயில்லை. அதையும் ஒரு பிரிவா சேர்த்துக்கலாம்."

அவளுக்கு ஏதோ பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. "சரி சார்" என்றாள்.

அடுத்த நாட்களில் நீலக்கால் பாடவில்லை. பாடினால் வெறுங்கால் வந்து துரத்தும். குழாய்க் குவியலில் பூச்சி பொறுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் ஒண்டிக்கிடந்தது. அவள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அப்படி ஒருநாள் வீடு திரும்பியபோது தையல் மிஷின் பால்கனியில் நனைந்துகொண்டிருந்தது. மத்தியானம் மழை பெய்திருந்தது. கப்பல்காரர் தன் கருவிகளை வைக்க இடம் வேண்டி மிஷினை வெளியே நகர்த்தியிருக்கிறார். மழைச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அக்கா கடைக்குப் போயிருந்த நேரம். இப்போது அக்கா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் கிளம்புறேன். இனி ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்."

"நான் வேணும்னு பண்ணலக்கா! எத்தனை தடவை சொல்றது? சரி, நானே போறேன். எனக்கா போக்கிடம் இல்ல?"

இருவருக்கும் போக்கிடம் இல்லை என்பது மூவருக்கும் தெரியும். இருவரும் குருவியம்மாவைப் பார்த்தார்கள். அவள் சேறு படிந்த காலணியோடு கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"யார் வேணா போங்க. யார் வேணா இருங்க. எனக்குத் தூக்கம் வருது," என்றாள். அப்படியே சுவரோரமாகச் சாய்ந்து, படுத்து, தூங்கிவிட்டாள்.

எழுந்தபோது காலணி கழற்றப்பட்டிருந்தது. தலைக்குக் கீழே தலையணை. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. மிஷின் துடைத்து, எண்ணெய் போட்டு, அறைக்குள் பழைய இடத்தில் இருந்தது. கப்பல்காரர் கைகளில் எண்ணெய்க் கறை. அக்கா பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் இருட்டில் அவள் கிளம்பும்போது அவர் வாசலில் தயாராக நின்றார்.

"நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"விடிஞ்சதும் உங்கக்கா மிஷினை ஓட்ட ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு நல்லாக் கேக்கிற ஒரே சத்தம் அதுதான்."

வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் தேடவேண்டும். அதைவிடக் கூட்டிக்கொண்டு போவது சுலபமாக இருந்தது.

மரத்தடியில் அவருக்கு ஒரு பைனாகுலரைக் கொடுத்தாள். வெளிச்சம் வந்தது. நாலா பக்கமும் பாட்டு எழுந்தது.

"இப்ப பாடுதா?" என்று கேட்டார்.

"எல்லாப் பக்கமும் பாடுது."

அவர் வெறுங்காலைப் பார்த்தார். "வாயைத் திறந்து திறந்து மூடுறது தெரியுது," என்றார். அவளுக்கு அவரைப் பார்க்க முதல்முறையாகப் பாவமாக இருந்தது.

அவர் தினமும் வரத் தொடங்கினார். அவள் மேலே பார்த்து, ஒவ்வொரு ஆணும் எங்கிருந்து பாடுகிறது, எந்தக் கிளையில் எல்லை மாறுகிறது என்று பதிவு செய்துகொண்டிருப்பாள். அவர் பேசாமல் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டார்.

"அந்த சாம்பல் கலர் தினமும் எங்க போகுது?"

"எது?"

"பொம்பளைக் குருவி. இவன் மேல ஏறி வாயைத் திறந்ததும் அது புதர் ஓரமா, தரையோட தரையா நழுவி, பம்ப் ரூம் பின்னாடி போகுது. கொஞ்ச நேரத்துல திரும்பி வருது. நேத்தும் போச்சு."

"புல் எடுக்கப் போகும்."

"புல்லு இங்கயே கிடக்கே."

அத்தனை நாளும் அவள் காதைத்தான் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். காது உச்சிக் கிளைக்கே கூட்டிப்போனது. பாடாத பறவையைப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

மறுநாள் வெளிச்சம் வருமுன் பம்ப் அறைச் சுவருக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். முழங்கால் உயிரை எடுத்தது. வெறுங்காலின் பாட்டு தொடங்கியதும் சாம்பலி வந்தது. ஒரு குழாயின் விளிம்பில் உட்கார்ந்தது. நீலக்கால் குவியலுக்குள்ளிருந்து வெளியே வந்தது. பாடவில்லை. வாலைத் தூக்கவில்லை, நெஞ்சைத் தள்ளவில்லை. கண்ணுக்கு மேல் காயம் ஆறி இறகில்லாமல் இருந்தது. சாம்பலி தாழக் குனிந்து இறக்கையை நடுக்கியது. இரண்டும் கூடிப் பிரிய அதிக நேரம் ஆகவில்லை. பிறகு சாம்பலி இறகைக் கோதிக்கொண்டு, வந்த வழியே புதர் ஓரமாகப் போய்விட்டது. நீலக்கால் பின்னால் போகவில்லை. மீண்டும் குழாய்களுக்குள் நுழைந்துகொண்டது.

பாட்டுப் பறவைகளில் இது அபூர்வமில்லை என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ கட்டுரைகளில் படித்ததுதான். ஆனாலும் அவளுக்கு அழுகை வந்தது. ஏன் என்று யோசிக்கத் தெம்பில்லாததால், அழுது முடித்துவிட்டு எழுந்தாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கெட்டிக்காரி! வீட்டையும் விடல, அவனையும் விடல."

"அது சரி, அந்த வெறுங்கால் பாவம் இல்லையா?" என்றார் கப்பல்காரர். "நாள் பூராத் தொண்டை கிழியக் காவல் காக்குறான்."

"அடிச்சுப் புடிச்ச இடம்தானே தம்பி. காக்கட்டும்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. அவனுக்கும் ஒரு இடம் வேணும்ல?"

இருவரும் பாத்திரம் கழுவும்வரை விடாமல் வாதாடினார்கள். இந்த முறை யாரும் குருவியம்மாவிடம் முறையிட வரவில்லை. காலையில் அவர் வீட்டில் இல்லாத நேரம் அக்காவுக்கு. மத்தியானம் அக்கா தூங்கும் நேரம் சமையலறை அவருக்கு. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

முட்டைகள் பொரிந்தன. பேராசிரியர் குஞ்சுகளின் ரத்தத் துளியைச் சோதிக்கச் சொன்னார். குஞ்சுகளில் சில வெறுங்காலுடையவை, சில நீலக்காலுடையவை என்று முடிவு வந்தது. வெறுங்கால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி புழு கொண்டுவந்து ஊட்டியது.

"இதை யார் முதல்ல கவனிச்சது?" என்று பேராசிரியர் கேட்டார்.

"என் வீட்டுக்காரர்."

அதைக் கேட்டதிலிருந்து கப்பல்காரரைப் பிடிக்க முடியவில்லை. மடக்கு நாற்காலி வாங்கினார். தொப்பி வாங்கினார். ஃபிளாஸ்கில் டீயோடு அவளுக்கு முன்னால் வாசலில் நின்றார். காவல்காரருக்குத் தினமும் சாம்பலியின் கதையைச் சொன்னார். காது கேளாதவர்கள் பேசுவது போல உரக்கச் சொன்னார். மரத்தடியிலும் பேசினார். அது என்ன, இது ஏன், அவன் ஏன் வாலை ஆட்டுகிறான்.

அவளுக்கு மேலும் மேலும் களைப்பாக இருந்தது. பருவத்தின் கடுமையான பகுதி முடிந்துவிட்டது, வீடும் அமைதியாகிவிட்டது, பிறகும் ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒருநாள் அவர் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே ஏதோ கேட்டபோதுதான் புரிந்தது. வீட்டில் ஒரு மூலைகூட அவளுடையது இல்லை. அதைப்பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை. ஏனென்றால் வெளிச்சம் வருமுன் இந்த மரத்தடி இருந்தது. இங்கே யாரும் அவளை எதற்கும் கூப்பிட்டதில்லை. இத்தனை வருடம் முழங்கால் வலியோடு எழுந்து வந்தது பறவைகளுக்காக மட்டும் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் மெதுவாக.

"என்ன?"

"கொஞ்சம் தனியா இருக்கணும் எனக்கு."

"கேக்கலம்மா. சத்தமாச் சொல்லு."

மென்மையாகச் சொல்லத்தான் வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தாள். வேறு வழியில்லை. "எனக்குத் தனியா இருக்கணும்!" என்று கத்தினாள். மரத்திலிருந்து இரண்டு மூன்று பறவைகள் எழுந்து பறந்தன. வாசலில் காவல்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல உள்ளே போனார்.

கப்பல்காரர் மூடியைக் கையில் வைத்தபடி நின்றார். அவர் முகம் சின்னப் பையனுடையது போல ஆகிவிட்டது. "வீட்டுக்குப் போகச் சொல்றியா?"

அவள் தலையாட்டி மறுத்தாள். வடிகட்டித் தொட்டியின் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டினாள். "அந்தப் பக்கம் உக்காருங்க. அங்க வேற ஒரு ஜோடி இருக்கு. இதுவரைக்கும் யாரும் சரியாப் பாத்ததில்ல. எனக்கு நேரமும் இல்ல."

"நான் பாத்துச் சொன்னா எடுத்துப்பாங்களா?"

"எடுத்துப்பாங்க."

"நீ வரமாட்டியா அங்க?"

"டீ குடிக்க வர்றேன். கூப்பிடாதீங்க, நானே வர்றேன்."

அவர் கொஞ்ச நேரம் தொட்டியின் மறுகரையை அளந்து பார்த்தார். பிறகு நாற்காலியை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தொட்டியின் விளிம்பைச் சுற்றி நடந்தார். கப்பலின் மேல்தளத்தில் நடப்பது போலக் கால்களை அகட்டி நடந்தார். வருத்தப்பட்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போய்ச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை.

அவர் மறுகரையில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். முதலில் இவள் பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி, அங்கிருந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். இருவருக்கும் நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. பறந்து போனவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து பாடத் தொடங்கின. அவள் மரத்தில் சாய்ந்து, வலிக்கிற காலை நீட்டினாள். பதிவுக் கருவியை இன்னும் போடவில்லை. போடலாம், அவசரமில்லை.